48 வயதில் மூளை மாறுமா? ஆளுமை வளர்ச்சி வகுப்புக்குப் போய் வந்த கேள்வி

மன்னை உரக்கடை (மன்னார்குடி):

வணக்கம். போன வாரம் எங்கள் வணிகர் சங்கம் தஞ்சாவூரில் ஒரு ஓட்டல் ஹாலில் ஆளுமை வளர்ச்சி வகுப்பு வைத்தது. முழு நாள், சாப்பாட்டோடு. மைக் பிடித்தவர் சொன்னதைச் சுருக்கினால் மூன்று விஷயம். நாம் மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோம். எந்தப் பழக்கத்தையும் 21 நாளில் மூளையில் பதித்துவிடலாம். மூளை எந்த வயதிலும் மாறும், அதற்கு நியூரோபிளாஸ்டிசிட்டி என்று பெயர். கிளம்பும்போது அடுத்த கட்ட வகுப்புக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள், கட்டணம் ஐந்து இலக்கத்தில்.

எனக்கு வயது 48. மாற வேண்டியது மூன்று. கடைக் கணக்கை கம்ப்யூட்டரில் நானே போட வேண்டும். ஆடிட்டர் ஆபீஸ் பையனை எத்தனை நாளைக்குக் கெஞ்சுவது? உரக் கம்பெனி ஆட்கள் இங்கிலீஷில் பேசினால் தலையாட்டாமல் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் கோபம். குறுவைக்கு மூட்டை கடன் வாங்கிப் போனவர் சம்பா அறுவடை முடிந்தும் கண்ணில் படாவிட்டால் எனக்கு வருகிற கோபம் கடையோடு நிற்பதில்லை, வீட்டுக்கும் வருகிறது.

இதெல்லாம் இந்த வயதில் மாறுமா, இல்லை ஹால் வாடகைக்காகச் சொன்னதா? "ஐந்தில் வளையாதது" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். வீட்டில் தினம் கேட்கிறேன்.

சந்தேகப் பிராணி (மயிலாடுதுறை, இப்போது சென்னை):

அண்ணே, முதலில் அந்தப் படிவத்தை ஓரமாக வையுங்கள்.

பத்து சதவீதக் கதை சுத்தப் பொய். உடல் எடையில் மூளை ஏறக்குறைய 2 சதவீதம். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பின் ஆற்றலில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. முக்கால்வாசி நேரம் தூங்குகிற உறுப்புக்கு உடம்பு இவ்வளவு படி அளக்காது.

21 நாள் கதையின் மூலம் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. முகம் பழகுவதும் அதிகாலையில் எழுந்து ஓடுவதும் ஒன்றா என்று யாரும் கேட்கவுமில்லை. பின்னால் லண்டனில் பிலிப்பா லாலி என்பவரின் குழு 96 பேரை 12 வாரம் கவனித்தது. ஒரு செயல் யோசிக்காமல் தன்னால் வரும் நிலைக்கு ஆன காலம் நடுமதிப்பாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. கவனித்தது 12 வாரம்தான் என்பதால், அந்த 254 கணக்குப் போட்டு நீட்டிப் பார்த்த எண். சாப்பாட்டுக்கு முன் ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சி இழுத்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப் போனதால் பெரிய சேதம் இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. இதை எந்தப் பயிற்சியாளரும் சொல்ல மாட்டார். ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்றால்தானே மறுபடி வகுப்புக்கு வருவீர்கள்.

மூளைப் பயிற்சி விளையாட்டு ஆப்களும் அப்படித்தான். லூமாசிட்டி நிறுவனம் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்தது என்ற வழக்கை முடிக்க 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது.

அரசலாறு டீச்சர் (கும்பகோணம்):

தம்பி சொன்ன இரண்டும் சரி. மூன்றாவதை அவர் தொடவில்லை, அது உண்மை என்பதால் தொடவில்லை என்று நினைக்கிறேன்.

வளர்ந்தவர் மூளை மாறாது என்பது ஒரு காலத்தில் மூடநம்பிக்கையாக இல்லை, பெரிய விஞ்ஞானிகளே சொன்னது. நரம்பணுக்களின் வடிவத்தை வரைந்து காட்டி 1906-இல் நோபல் வாங்கிய ஸ்பெயின்காரர் சாந்தியாகோ ரமோன் இ கஹால், வளர்ந்த மூளையில் நரம்புப் பாதைகள் முடிந்துபோனவை, மாறாதவை என்றுதான் எழுதினார். நான் கல்லூரியில் விலங்கியல் படித்தபோதும் இந்தத் தொனியில்தான் பாடம் இருந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1964-இல், அமெரிக்காவில் மரியன் டயமண்ட் குழுவினர் எலிகளை வைத்துக் காட்டிவிட்டார்கள். கூட்டாளிகளும் ஏறி விளையாடப் பொருள்களும் உள்ள கூண்டில் வளர்ந்த எலிகளின் மூளைப் புறணி, வெறுங்கூண்டில் தனியாகக் கிடந்த எலிகளுடையதைவிடத் தடித்திருந்தது. 1973-இல் டிம் பிளிஸ்சும் டெர்யே லோமோவும் முயல் மூளையில் ஒரு நரம்பு இணைப்பைத் திரும்பத் திரும்பத் தூண்டினால் அது நெடுநேரம் வலுவாகவே இருப்பதை அளந்து காட்டினார்கள். கற்பது என்றால் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்குக் கையில் கிடைத்த முதல் பிடி அது.

மனிதர்களுக்கு வந்தால், லண்டன் டாக்சி ஓட்டுநர்கள். உரிமம் வாங்க 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும், மூன்று நான்கு வருடம் ஆகும். எலினோர் மகுவைர் 2000-இல் அவர்கள் மூளையைப் படமெடுத்தார். இட நினைவுக்கான ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே பெரிதாக இருந்தவர்கள்தான் ஓட்டுநர் ஆனார்களோ என்ற கேள்வி வருமல்லவா? அதனால் கேத்தரின் வூலெட்டும் அவரும் படிக்கத் தொடங்கும்போதே 79 பேரைப் படமெடுத்து, வருடங்கள் கழித்து மறுபடி எடுத்தார்கள். 39 பேர் தேர்ச்சி பெற்றார்கள். தேர்ச்சி பெற்றவர்களிடம் மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. 2011-இல் வெளிவந்தது. எல்லோரும் வளர்ந்த ஆட்கள்தான்.

வடவாறு:

லண்டன்காரரை விடுங்கள் டீச்சர். மகாமகத்தன்று உங்கள் ஊரில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர்களை ஸ்கேன் எடுத்தால் மெஷின் தாங்காது.

சந்தேகப் பிராணி:

டீச்சர், அந்த டாக்சி ஆய்வுகளில் இன்னொரு பாதி இருக்கிறது. தேர்ந்த ஓட்டுநர்களுக்கு ஹிப்போகேம்பஸின் முன்பகுதி சிறிதாக இருந்தது. சிக்கலான ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னால் மற்றவர்களைவிடச் சுமாராகவே செய்தார்கள். தெருக்கள் ஏறின, பொதுவான நினைவாற்றல் ஏறவில்லை. ஓட்டல் ஹால்காரர் விற்பது 'பொதுவான' முன்னேற்றம், அதற்கு இந்த ஆய்வுகளில் இடமே இல்லை.

அரசலாறு டீச்சர்:

அதில் எனக்கு மறுப்பே இல்லை. எதைச் செய்கிறோமோ அதற்குத்தான் மூளை மாறுகிறது. பந்து வீசிப் பிடிக்கிற வித்தையை மூன்று மாதம் கற்றவர்களை ஜெர்மனியில் போக்டன் டிராகான்ஸ்கி குழு 2004-இல் படமெடுத்தது. அசைவைப் பார்த்துணரும் பகுதியில் சாம்பல் நிறப் பொருள் (நரம்பணுக்கள் நிறைந்த திசு) கூடியிருந்தது. பயிற்சியை நிறுத்திய மூன்று மாதத்தில் கூடியதில் பெரும்பகுதி குறைந்தும் விட்டது. உரக்கடை சார் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி வரிதான்.

வெண்ணாற்று பிசியோ (தஞ்சாவூர்):

எலியும் டாக்சியும் போதும், நான் தினம் பார்ப்பதைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்தவர்கள்தான் என்னிடம் பாதிப்பேர். டெல்டாவில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எப்படி இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

எட்வர்ட் டவுப் என்ற அமெரிக்கர் ஒரு விஷயத்தைக் கண்டார். விழுந்த கை கொஞ்சம் தேறிய பிறகும் ஆள் அதைப் பயன்படுத்துவதில்லை. முதல் வாரங்களில் முயன்று முயன்று தோற்று, நல்ல கையை வைத்தே சமாளிக்கப் பழகிவிடுகிறார். பயன்படுத்தாமல் இருப்பதையே மூளை கற்றுக்கொள்கிறது. அவர் செய்த சிகிச்சை எளிது, கொடுமையும்கூட. நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, விழித்திருக்கும் நேரம் பெரும்பாலும் விழுந்த கையாலேயே வேலை செய்ய வைப்பது, இரண்டு வாரம். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரிடம் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். 2006-இல் வந்த முடிவுப்படி வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்கள் கை நன்றாகத் தேறியது, பல மாதம் கழித்தும் அந்த வித்தியாசம் நின்றது. எல்லோருக்கும் ஆகாது. மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது நிமிர வேண்டும்.

இங்கே எனக்குப் பெரிய எதிரி பாசம். "அப்பாவால முடியாது சார்" என்று மகள் சோறு ஊட்டுவாள். பார்க்க அழகாக இருக்கும். அந்தக் கைக்கு அன்றைய பயிற்சி போய்விட்டது. நான் ரப்பர் பந்து கொடுப்பதைவிட வீட்டு வேலையைத்தான் கொடுக்கிறேன்: மொச்சை உரிப்பது, கீரை ஆய்வது, முடிந்தால் கோலப்பொடி. பந்தை அழுத்துகிறவர் பந்து அழுத்துவதில் கெட்டிக்காரர் ஆவார், மொச்சை உரிப்பவருக்கு விரல் தேறும். அதிலும் கொஞ்சம் சிரமமாக இருக்கிற அளவில் கொடுக்க வேண்டும். சுலபமாக வருவதை நூறு தடவை செய்தால் நேரம்தான் போகும்.

ஏழிசை (திருவையாறு பக்கம்):

வீணை சொல்லிக்கொடுக்கிறவன். தாமஸ் எல்பர்ட் குழு 1995-இல் தந்தி வாத்தியக்காரர்களை ஆராய்ந்தது. தந்தி பிடிக்கிற இடது கை விரல்களுக்கு மூளையில் இடம் கூடியிருந்தது, வாத்தியத்தின் கழுத்தைத் தாங்கி நிற்கிற கட்டை விரலுக்கு அந்த அளவு இல்லை. சிறு வயதில் ஆரம்பித்தவர்களுக்கு அதிகம். இதை நான் மறைக்க மாட்டேன். ஐம்பது வயதில் வருகிறவர்களிடம், "கச்சேரி மேடை வேண்டாம், வர்ணம் வரை போகலாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். அவர்கள் ஒரு விஷயத்தில் பிள்ளைகளைவிட மேல்: தப்பு எங்கே என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் தப்பையும் சேர்த்து வேகமாக வாசித்துவிடுவார்கள்.

யாரும் சொல்லாத ஒன்று. மூளை மாறுவது எப்போதும் நல்லதற்கில்லை. எனக்குத் தெரிந்த வித்வான் ஒருவருக்கு மீட்டுகிற இரண்டு விரல்கள் வாசிக்கும்போது மட்டும் ஒன்றோடொன்று இழுத்துக்கொண்டன. சாப்பிடும்போது, எழுதும்போது ஒன்றுமில்லை. சாதகம் போதவில்லை என்று கூட்டினார், இன்னும் மோசமானது. டிஸ்டோனியா என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார். இந்த நோய் உள்ளவர்களின் மூளையில் பக்கத்துப் பக்கத்து விரல்களின் இடங்கள் ஒன்றோடொன்று கலந்துபோயிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓய்வு, வேகத்தைக் குறைப்பது, விரல் வைப்பதையே முதலிலிருந்து மாற்றிக் கற்பது என்று போனது அவருக்கு. 'உழைப்பைக் கூட்டு' என்று மட்டும் சொல்கிற எவரையும் அதிலிருந்து நான் நம்புவதில்லை.

நீடாமங்கலம் நடவு:

ஸ்கேன் எல்லாம் எனக்குத் தெரியாது. திருந்திய நெல் சாகுபடி வந்த புதிதில் எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். வழக்கத்தில் 25, 30 நாள் நாற்றைப் பிடியாக எடுத்து, குத்துக்கு நாலைந்து என்று நடுவார்கள். இதில் 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுரமாக இடைவெளி. நாற்பது வருடம் நட்ட அம்மாக்களின் கை ஒற்றை நாற்றைப் பிரிக்காது. வாய் "ஒண்ணுதானே" என்று சொல்லும், கை மூன்றை வைக்கும். முதல் பருவம் முழுக்கச் சண்டை, ஏக்கருக்கு ஆள் கூட ஆகிறது என்று கூலித் தகராறும். மூன்றாவது பருவத்தில் அதே கைகள் பேச்சுக்கு நடுவே ஒற்றையாய் வைத்துக்கொண்டு போயின. ஆனால் சாயங்காலம் மழை மிரட்டி அவசரம் வந்தால் மறுபடி மூன்று! பழைய கை எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது.

இப்போது நடவு மெஷின் வந்துவிட்டது, அது வேறு கதை.

அரசலாறு டீச்சர்:

நடவு சார் சொன்ன கடைசி விஷயம் நூறு வருடப் பழைய உண்மை. பாவ்லோவின் நாய்கள் மணிச் சத்தத்துக்கு எச்சில் விடுவதை மறக்கடித்த பிறகும், கொஞ்ச நேரம் இடைவெளி விட்டு மணி அடித்தால் எச்சில் திரும்பி வந்தது. பழையது அழிவதில்லை, அதன் மேல் புதியது ஒன்று கற்கப்படுகிறது. அசதி, அவசரம், பழைய இடம் என்று ஏதாவது வந்தால் பழையது முந்திக்கொள்ளும். உரக்கடை சாரின் கோபத்துக்கும் இதுதான்.

மன்னை உரக்கடை:

இத்தனை பேர் எழுதியதற்கு நன்றி. அப்படியானால் எனக்கு என்ன வழி? டாக்சியும் வீணையும் புரிந்தது. டாலி என்கிற கம்ப்யூட்டர் கணக்கும் இங்கிலீஷும் கோபமும் எப்படி? ராத்திரி கடை கட்டி வந்து பதினோரு மணிக்கு யூடியூபில் டாலி பார்க்கிறேன், காலையில் ஒன்றும் நிற்பதில்லை.

சந்தேகப் பிராணி:

பதினோரு மணிக்குப் பார்ப்பதுதான் கோளாறு. 'பார்ப்பது' இன்னொரு கோளாறு. ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரே பாடத்தைத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒரு முறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. அஞ்சு நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் மேலாகத் தெரிந்தார்கள். அதனால்தான் நாம் ஏமாறுகிறோம். வீடியோவை நிறுத்திவிட்டு அன்றைய உங்கள் கடை பில் ஒன்றை நீங்களே பதிவிடுங்கள். தப்பினால் மட்டும் வீடியோ. மறுநாள் அதே மாதிரி பில், மூன்று நாள் கழித்து இன்னொரு முறை.

அரசலாறு டீச்சர்:

காலையில் கடை திறக்கும் முன் அரை மணி நேரம் வையுங்கள். ராத்திரி தூங்குங்கள். அன்று கற்றதை மூளை தூக்கத்தில்தான் கெட்டிப்படுத்துகிறது. தூக்கத்தை வெட்டிப் படிப்பது கடன் வாங்கி வட்டி கட்டுகிற கதை, அது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வயதைப் பற்றி: 90-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் தன்னார்வலராகப் போனேன். கைநாட்டு வைத்துப் பழகிய நாற்பது வயதுப் பெண்கள் லாந்தர் வெளிச்சத்தில் எழுத்து கற்றதைப் பார்த்தேன். பக்கத்துப் புதுக்கோட்டையில் அதோடு சேர்த்து ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். ரேஷன் அட்டையையும் கூலிக் கணக்கையும் தானே படிக்க வேண்டும் என்று வந்தவர் நின்றார், ஆபீசர் வருகிறார் என்று கூட்டத்துக்கு வந்தவர் நிற்கவில்லை. பின்னால் 2017-இல் உத்தரப் பிரதேசத்தில் லக்னோ பக்கத்துக் கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாத முப்பது வயதுவாக்கில் இருந்த பெண்களுக்கு ஆறு மாதம் எழுத்து கற்பித்துப் படமெடுத்தார்கள். மாற்றம் மூளையின் மேற்பரப்போடு நிற்கவில்லை, தாலமஸ், மூளைத்தண்டு என்று ஆழத்தில் உள்ள பகுதிகளுக்கும் பார்வைப் பகுதிக்கும் இடையிலான தொடர்பும் கூடியிருந்தது. இங்கிலீஷ் வேண்டுமென்றால் 'இங்கிலீஷ்' கற்காதீர்கள். கம்பெனி ஆள் கேட்கிற கேள்விகள் இருபது இருக்குமா? ஸ்டாக், கமிஷன், ரிட்டர்ன், பேமென்ட். அதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகுங்கள், யாராவது எதிரில் உட்கார்ந்து கேட்கட்டும்.

சந்தேகப் பிராணி:

டீச்சர், இதெல்லாம் மூளைப் படம் இல்லாமலே நம் தாத்தாக்களுக்குத் தெரியும். நியூரான் பேச்சு என்ன கூடுதலாகச் சொன்னது?

அரசலாறு டீச்சர்:

எதை வாங்கக் கூடாது என்று சொன்னது. பொதுவாக மூளையைக் கூர்மையாக்குகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். நிறுத்தினால் தேயும் என்பதால், வருடம் முழுக்கச் செய்ய முடியாததை ஆரம்பிக்கவும் வேண்டாம். தாத்தாக்கள் ஐம்பதில் முடியாது என்றும்தானே சொன்னார்கள்.

வெண்ணாற்று பிசியோ:

கோபத்துக்கு ஒன்று. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து ஆராய்ந்த முறை: 'இனிமேல் கோபப்பட மாட்டேன்' என்று சபதம் எடுப்பதைவிட, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று குறிப்பாக முடிவெடுத்து வைப்பவர்கள் அதிகம் நிறைவேற்றுகிறார்கள். பாக்கிக்காரர் பேரைக் கேட்டதும் கடன் நோட்டை எடுத்து அவர் கணக்கைக் கூட்டுவேன், கூட்டி முடிக்கும்வரை பேச மாட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபமான கணத்தில் கண்டுபிடிக்க முடியாது, முன்னாடியே எழுதிவைக்க வேண்டும். அப்புறம் நடை. 55 முதல் 80 வயதுள்ள 120 பேரை வைத்து 2011-இல் ஒரு ஆய்வு வந்தது. வாரம் மூன்று நாள் நாற்பது நிமிடம் வேகமாக நடந்தவர்களுக்கு ஒரு வருடத்தில் ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் கூடியது, வெறும் கை கால் நீட்டும் பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்தது.

சந்தேகப் பிராணி:

பின்னால் வந்த பல ஆய்வுகள் அந்த 2 சதவீதத்தைக் காட்டவில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நல்லது என்று நடங்கள், அதில் சண்டை இல்லை.

மன்னை உரக்கடை:

டாலி காலையில், கேள்வி இருபது. மகள் காலேஜ் லீவில் வந்திருக்கிறாள், கம்பெனி ஆளாக நடிக்கச் சம்மதித்துவிட்டாள், ரொம்பச் சந்தோஷமாக. கடன் நோட்டு விஷயத்தை நேற்று முயன்று பார்த்தேன். கூட்டி முடிப்பதற்குள் அவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பணம் வரவில்லை, சத்தமும் வரவில்லை.

பேரளம் வாசகி:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மாமனாருக்கு 71. ஆறு மாதமாக வலது கை சும்மா இருக்கும்போது நடுங்குகிறது, கையெழுத்தும் பொடியாகிவிட்டது. மேலே சொன்ன மாதிரி மொச்சை உரிக்க வைத்தால் சரியாகுமா?

வெண்ணாற்று பிசியோ:

அம்மா, அது பயிற்சியில் தொடங்குகிற விஷயம் இல்லை. ஓய்வில் நடுக்கம், எழுத்து சிறுத்துப்போவது இரண்டும் சேர்ந்தால் நரம்பியல் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும், இந்த வாரமே. இப்போது சாப்பிடுகிற மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், சில மருந்துகளாலும் அப்படி வரும். ஒரு வருடம் முன்பு அவர் போட்ட கையெழுத்து பாஸ்புக்கிலோ பத்திரத்திலோ இருந்தால் அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.